பதினான்காம் இலக்கத்து வாசல்

போன கிழமை சோஃபி எனக்கு ரெலிபோன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் இருப்பவள் அவள். டென்மார்க்கின் மேற்கு யூலாந்தில், கிரின்ஸ்டெட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் ஓடினால் வரும் ஒரு கொம்யூனின் வரைபடப் பிரிவு அது. கொம்யூன் என்றால் எங்கள் ஊர்ப் பிரதேச சபை மாதிரி, ஆனால் பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, தெருக்கள் என்று எல்லாம் அதன் தலையில்தான். அங்கே வீடுகளுக்கு விலாசம் கொடுக்கும் மேசையில் இருபத்தாறு வருடம் இருந்தேன்.

பழைய பதிவுகளைப் புதிய முறைமைக்கு மாற்றுகிறார்களாம். இனிமேல் ஆகாயப் படத்தைப் பார்த்துக் கொம்பியூட்டரே வீட்டின் வாசலைக் கண்டுபிடித்துப் புள்ளி வைத்துவிடுமாம். ஒரு பதிவின் கீழே என் முதலெழுத்துகளோடு ஒரு குறிப்பு கிடக்கிறது, புதிய முறைமையில் குறிப்பு எழுத இடமில்லை, அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். குறிப்பை வாசித்தும் காட்டினாள். 'நான் அங்கே போகவில்லை.' அவ்வளவுதான்.

இப்படி ஒரு வசனத்தை ஏன் ஒருவர் அரசாங்கப் பதிவில் எழுதி வைப்பார் என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுத் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் நில அளவைப் படம் கீறப் பழகிக்கொண்டிருந்தபோது நாடு குழம்பியது. டென்மார்க் வந்து, மொழி படித்து, எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் நாலு வருடம் குளிரில் நின்றேன். கை விறைத்துப் பேனை பிடிக்க மறந்துவிடுமோ என்று பயந்து, ஓகூஸ் நகரத்துக்குப் போய் வரைபடத் தொழில்நுட்பம் படித்தேன். படித்து முடித்த வருடமே கொம்யூனில் வேலை கிடைத்தது. முதல் நாள் எனக்கு ஒரு பென்சிலும் ஒரு கார்ச் சாவியும் தந்தார்கள். பென்சில்தான் என் தொழில் என்று நினைத்தேன், அது பிழை.

எங்கள் கொம்யூனைப் படத்தில் பார்த்தால் ஒன்றும் இல்லாத இடம் போல இருக்கும். மேடு இல்லை, பள்ளம் இல்லை, மணல். முன்னொரு காலத்தில் முழுக்க முழுக்கச் செடிக்காடு. ஏழைக் குடியானவர்கள் வந்து, சுண்ணாம்பு மண்ணை வண்டியில் கொண்டுவந்து கொட்டி, அந்த மணலைத் தோட்டமாக்கினார்கள். காற்று மணலை அள்ளிக்கொண்டு போகாமல் வயலுக்கு வயல் மரவேலி நட்டார்கள். அந்த வரிசைகள் இன்னும் நிற்கின்றன. வளைந்து வளைந்து ஓடின சிற்றாறுகளை அவர்களின் பேரப்பிள்ளைகள் வெட்டி நேராக்கினார்கள். இப்போது கொம்யூன் காசு செலவழித்து அதே ஆறுகளை மறுபடி வளைக்கிறது, மீன் ஏறிப்போக வேண்டுமாம். நேராக்கினவனின் பேரனே வளைக்கிற யந்திரத்தை ஓட்டினதையும் கண்டிருக்கிறேன்.

சனம் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தேவாலயத்தைச் சுற்றியும் ஒரு பால் பதனிடும் சாலை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை இருந்தது. பால் சாலை முதலில் மூடியது, பிறகு கடை, பிறகு பள்ளிக்கூடம். தேவாலயம் மட்டும் நிற்கிறது. பிள்ளைகள் ஓகூசுக்குப் படிக்கப் போய்த் திரும்பவில்லை. பண்ணைகளில் ருமேனியாவிலிருந்து வந்த பொடியங்கள் மாடு கறக்கிறார்கள். தொழிற்சாலை உள்ள சிறு பட்டணத்தில் எங்கள் சனம் சில குடும்பங்கள் இருந்தோம். என் மனைவி மலர் முதியோரை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். நான் வீடுகளைப் படத்தில் பார்த்தேன், அவள் உள்ளே போய்ப் பார்த்தாள்.

என் மேலதிகாரி இங்கர், நில அளவையாளர். உயரமான பெண். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு கையில் கறுப்புப் பாணும் மறு கையில் கோப்புமாக வந்து என் மேசை மூலையில் சாய்ந்து நிற்பார். கோப்பைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "போனாயா?"

டெனிஷில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இல்லை. தலைவரையும் நீ, தபால்காரனையும் நீ. அது பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இங்கரின் கேள்வி பழக இன்னும் கூடப் பிடித்தது.

ஒரு வீட்டுக்கு விலாசம் கொடுப்பது இலேசான வேலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தெருவின் தொடக்கத்திலிருந்து அளக்க வேண்டும். வலது பக்கம் இரட்டை இலக்கம், இடது பக்கம் ஒற்றை. வீட்டின் கதவில் ஒரு புள்ளி, வீட்டுப் பாதை தெருவில் ஏறும் இடத்தில் இன்னொரு புள்ளி. அந்த இரண்டாவது புள்ளிதான் முக்கியம். தபால், எண்ணெய் லொறி, தீயணைப்பு, அம்புலன்ஸ் எல்லாம் அதைப் பார்த்துத்தான் வரும். படத்தில் புள்ளி வைத்த பிறகு ஆள் நேரே போக வேண்டும். படலையில் நின்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், இலக்கப் பலகை தெருவிலிருந்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் பதிவில் 'நேரில் பார்வையிடப்பட்டது' என்ற பெட்டியில் சரி போடலாம். சரி போட்டால் முதலெழுத்தும் நாளும் தானாக விழும்.

"போனாயா?" என்று கேட்டுவிட்டு, இங்கர் படத்தில் தெரியாத ஒன்றையும் கேட்பார். படலை உள்ளுக்குத் திறக்கிறதா வெளியிலா? நாய் என்ன நிறம்? போகாதவன் அங்கே அகப்படுவான். முதல் வருடம் ஒரு தடவை அகப்பட்டேன். நாய் கறுப்பு என்றேன். அந்த வீட்டில் நாயே இல்லை. இங்கர் பாணைக் கடித்துக்கொண்டு கார்ச் சாவியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பல வருடம் நான் போகாமல் ஒரு சரி போட்டதில்லை. அவரும் மெல்ல மெல்ல என்னிடம் கேட்பதை விட்டுவிட்டார். நம்பித்தான் விட்டார், அந்த நம்பிக்கைதான் இன்றைக்கும் குத்துகிறது.

பிறகு நாலு கொம்யூன்களை ஒன்றாக்கினார்கள். ஒன்றாக்கினபோது 'தேவாலய வீதி' நாலு, 'ஆலை வீதி' மூன்று ஒரே கொம்யூனுக்குள் வந்துவிட்டன. ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் அம்புலன்ஸ் வழி தவறும். ஆகவே பெயர் மாற்ற வேண்டும். குடியிருப்பவர்களுக்குக் கடிதம், கருத்துச் சொல்லத் தவணை, பிறகு புதிய பெயர், புதிய இலக்கம். கடிதங்களில் கையெழுத்து என்னுடையது. நல்ல நோக்கத்துக்காக இவ்வளவு ஏச்சு வாங்கின ஆள் அந்தக் கொம்யூனில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

கிறெஸ்டன் என்ற பண்ணைக்காரரின் வீடு மூன்று ஆலை வீதிகளில் ஆகச் சின்னதில் இருந்தது. ஆற்றங்கரையில் பழைய பால் பண்ணை. வடக்கே தெரு, நடுவில் ஆறு, ஆற்றுக்கு மேலே மரப் பாலம், பாலத்தைக் கடந்தால் அவர் வளவு. முன்பு அந்த இடத்தில் உண்மையாகவே ஒரு நீர் ஆலை இருந்தது. அதைக் கட்டியவர் கிறெஸ்டனின் பூட்டன். ஆட்கள் குறைவான தெருவின் பெயரைத்தான் மாற்றுவது வழக்கம். அதனால் ஆலை நின்ற தெருவுக்கே ஆலை வீதி என்ற பெயர் போயிற்று. புதிய பெயர் 'புல்வெளி வீதி'. அவருடைய வீடு பதினான்காம் இலக்கம்.

கடிதம் கிடைத்த அன்று எனக்கு ரெலிபோன் எடுத்தார். மேற்கு யூலாந்துப் பேச்சு, சொற்களைப் பாதியில் விழுங்குகிற பேச்சு. நான் எங்கள் தமிழில் சொல்கிறேன்.

"பரமநாதன் எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறது நீயோ?"

ஓம் என்றேன். தவணைக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம் என்று தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

"நீ வந்த ஊரிலை போய் றோட்டுகளுக்குப் பேர் வை. என்ரை றோட்டுக்கு என்ரை பூட்டன் பேர் வைச்சிட்டார்."

டக்கென்று வைத்துவிட்டார். இருபது வருடத்தில் அதைவிட மோசமான சொல்லெல்லாம் கேட்டிருக்கிறேன், மறந்தும் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஏனோ அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. என் ஊரில் என் தெருவுக்குப் பெயர் வைக்க எனக்கு வழியிருந்தால் நான் இங்கே வந்திருப்பேனா? யாரிடமும் சொல்லவில்லை, மலரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடுகளில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. அவமதித்தவனோடு சண்டை போடமாட்டோம், அவனுடைய வாசலை மிதிக்கமாட்டோம். கலியாண வீடென்றாலும் போகமாட்டோம், செத்த வீடென்றால் கடைசி ஆளாய்ப் போய் ஒழுங்கையில் நிற்போம். என் அப்பா தன் சொந்த மச்சானின் வாசலைப் பதினெட்டு வருடம் மிதிக்கவில்லை. அதை நாங்கள் பெருமையாகச் சொல்லித்தான் வளர்ந்தோம். கப்பலில் வராத சாமான் அது, எங்கள் உடம்போடு டென்மார்க்குக்கு வந்தது.

பதினான்காம் இலக்கத்தை நேரில் பார்க்க வேண்டிய கிழமை வந்தது. திங்கள் தள்ளிப் போட்டேன். செவ்வாய் மழை என்றேன். புதன்கிழமை ஆற்றின் இந்தப் பக்கம் வரை காரில் போய், பாலம் தெரிவதற்கு முன்னமே திருப்பிக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமை மேசையில் இருந்தபடி ஆகாயப் படத்தைப் பெரிதாக்கினேன். பாலம் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருடம் இருந்த பாலம் எங்கே போகப்போகிறது? புள்ளியைப் பாலத்தின் வடக்குத் தலைப்பில் வைத்தேன். 'நேரில் பார்வையிடப்பட்டது' பெட்டியில் சரி போட்டேன். பயம் வரவில்லை. ஒருவித திருப்திதான் வந்தது, அவருடைய வாசலை மிதிக்காமல் வேலையை முடித்துவிட்டேனே என்று.

அந்த ஆகாயப் படம் வசந்த காலத்தில் எடுத்தது. நான் சரி போட்ட அதே கிழமையில், எங்கள் கட்டடத்திலேயே இரண்டு நடைபாதை தள்ளி இருந்த இயற்கைப் பிரிவு, ஆற்றை வளைக்கும் வேலைக்காக அந்தப் பாலத்தைக் கழற்றியிருந்தது. மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

பெப்ரவரி மாதம், காலை பத்து மணி. வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. அம்புலன்ஸ் ஒருங்கிணைப்பு நிலையத்திலிருந்து அழைப்பு, வரவேற்பு மேசை என்னிடம் மாற்றிவிட்டது. ஒரு பெண் குரல், அவசரம் இல்லாத, பயிற்சி பெற்ற குரல். புல்வெளி வீதி பதினான்கு. ஒரு பெண் மயங்கி விழுந்திருக்கிறார், முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. எங்கள் வண்டி ஆற்றங்கரையில் நிற்கிறது. பாலம் இல்லை. எப்படி உள்ளே போவது?

படத்தைத் திறந்தேன். என் புள்ளி அங்கே நின்றது, சிவப்பாக. அதற்குக் கீழே என் முதலெழுத்துகள்.

ஆற்றுக்கு அக்கரையில் வீடு தெரிகிறதாம். ஒரு கிழவர் வெளியே ஓடிவந்து கையை ஆட்டிக் கத்துகிறாராம், காற்றில் ஒன்றும் கேட்கவில்லையாம். ரெலிபோனை அவர் மனைவிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார், கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. வண்டியில் வந்தவர்களில் ஒருவர் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கியிருக்கிறார். இடுப்புக்கு மேல் தண்ணீர், இழுப்பு அதிகம், திரும்ப ஏறிவிட்டார்.

படத்தில் தெற்கே வயல், கிழக்கே மரவேலி, மேற்கே சேற்று நிலம். பாதை மாதிரி மூன்று கோடுகள் தெரிந்தன. எதில் கார் போகும், எது பசு போகிற தடம் என்று படம் சொல்லாது. நேரில் போனவனுக்குத்தான் தெரியும். அந்தப் பெண் கேட்டார், "நீங்கள் இந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள் என்று பதிவில் இருக்கிறதே?" ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியில் மலரைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்து முதியோர் பலர் அவளுடைய பட்டியலில் இருந்தார்கள்.

வீடுகளுக்குள் வேலை செய்யும்போது மலர் ரெலிபோன் எடுக்கமாட்டாள். முதல் தரம் அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தரமும் ஓய்ந்தது. மற்றக் காதில் அந்தப் பெண்ணின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் தரம் எடுத்தாள்.

"என்னப்பா, ஆருக்கு என்ன?"

"ஆத்தடியிலை கிறெஸ்டன் எண்டவற்றை வீடு. அம்புலன்ஸ் போகவேணும். நீர் அந்தப் பக்கம் போறனீர்தானே, எந்தப் பாதை?"

"பாலத்தைக் கழட்டி மூண்டு மாசம். சாப்பிடேக்கை உங்களுக்குச் சொன்னனான்."

சொன்னாள்தான். கிறெஸ்டனின் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் போக இனிச் சுற்றிப் போக வேண்டும், நேரம் போதவில்லை என்று சோற்றைப் போட்டபடி சொன்னாள். நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வழியைச் சொல்லும், மலர்."

அவள் குரல் மாறியது. "சேர்ச்சைத் தாண்டி இடப்பக்கம் முதல் மண் றோட்டு. பால் லொறி போன தடம் தெரியும். மரவேலி முடியிற இடத்திலை சங்கிலி ஒண்டு குறுக்கை கிடக்கும். பூட்டில்லை, கொழுக்கிதான். கழட்டிப்போட்டு நேரை போகச் சொல்லுங்கோ."

அதை வரிவரியாக டெனிஷில் சொன்னேன். சங்கிலிக்குப் பூட்டு இல்லை என்பதை இரண்டு தரம் சொன்னேன். பிறகு அழைப்பு துண்டிக்கப்பட்டது.

வண்டி ஆற்றங்கரையில் நின்ற நேரமும் சுற்றிப் போன நேரமும் சேர்த்து இருபத்திரண்டு நிமிடம். பாரிசவாதம். கிறெஸ்டனின் மனைவி அன்னா பிழைத்தார். ஆனால் வலது கையும் பேச்சும் போய்விட்டன. அந்த இருபத்திரண்டு நிமிடம் இல்லாவிட்டால் மிஞ்சியிருக்குமா என்று வைத்தியர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்ததே இல்லை. இன்னொன்றையும் பிறகுதான் அறிந்தேன். புதிய பெயரை வாயால் உச்சரிக்கமாட்டேன் என்று நின்ற கிறெஸ்டன், அவசர அழைப்பில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் 'புல்வெளி வீதி' என்று சொல்லியிருக்கிறார். மனைவிக்காகச் சொன்னார். அந்தப் பெயர்தான் வண்டியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் விட்டது.

அடுத்த நாள் காலை இங்கர் என்னையும் இயற்கைப் பிரிவுத் தோர்பனையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். தோர்பன் பறவைகளையும் மீன்களையும் தவிர வேறொன்றும் தெரியாத நல்ல மனிதன். பாலத்தைக் கழற்றினால் வரைபடப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும், அவன் மறந்துவிட்டான். கண் சிவந்திருந்தது. என்றைக்குக் கழற்றினார்கள் என்று இங்கர் கேட்டார். நான் சரி போட்ட அந்தக் கிழமைதான், நாள் நினைவில்லை என்றான். ஒப்பந்தக்காரனுக்கும் நினைவில்லை, எழுதியும் வைக்கவில்லை.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. திங்கட்கிழமை போனேன், அப்போது பாலம் இருந்தது, வியாழக்கிழமை பதிவில் ஏற்றினேன் என்று சொன்னால் முடிந்தது. மறுக்க ஒருவரும் இல்லை. முழுப் பிழையும் தோர்பனின் தலையில் போய் உட்காரும். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கர் அவனைப் பார்க்கவில்லை. கோப்பையும் பார்க்கவில்லை.

"போனாயா?"

பல வருடம் கேட்காமல் விட்ட கேள்வி. என் வாய்க்குள் 'ஓம்' தயாராக இருந்தது. மூத்த மகள் பல்கலைக்கழகத்தில், மூன்று வருடத்தில் ஓய்வு, எங்கள் சனத்துக்குள் கொம்யூனில் வேலை செய்கிற ஆள் என்ற மரியாதை, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்து நின்றன. இங்கர் இன்னும் என் முகத்தையே பார்த்தார்.

"இல்லை. நான் அங்கை போகேல்லை."

தோர்பன் தலையை நிமிர்த்தினான். ஏன் என்று இங்கர் கேட்டார். கிறெஸ்டன் ரெலிபோனில் சொன்ன சொல்லைச் சொன்னேன். அப்படிச் சொன்னவர்களின் வாசலை நாங்கள் மிதிப்பதில்லை என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது அந்த அறைக்குள் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தெரிந்தது.

"நாங்கள் எண்டா ஆர்?" என்று கேட்டார் இங்கர். "கொம்யூனோ?"

கொம்யூனின் காரில், கொம்யூனின் சம்பளத்தில் இருந்த மனிதன் என் அப்பாவின் ரோசத்தோடு மேசையில் இருந்துவிட்டான். அந்த வீட்டில் நான் ரோசம் காட்ட வேண்டியது கிறெஸ்டனிடம் என்றால், விழுந்தது அன்னா. அன்னாவோடு எனக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை.

இங்கர் பதிவைத் திறந்தார். அந்தச் சரியை அழித்துவிடலாமா என்று கேட்டேன். அழிக்கிறது சுலபம் என்றார். சரிக்குக் கீழே குறிப்பு எழுதும் இடத்தைக் காட்டி, எனக்குச் சொன்னதை அப்படியே இங்கே எழுது என்றார். எழுதினேன். பிறகு கார்ச் சாவியை எடுத்தார்.

சேர்ச்சைத் தாண்டி, இடது பக்கம் முதல் மண் பாதை. மரவேலி முடியும் இடத்தில் சங்கிலி கிடந்தது. இங்கர் காருக்குள்ளேயே இருந்தார், எஞ்சினை நிறுத்தவில்லை. நான் இறங்கிக் கொழுக்கியைக் கழற்றினேன். மலர் சொன்னது போலவே பூட்டு இல்லை. எட்டு வைத்து உள்ளே போனேன்.

கிறெஸ்டன் மாட்டுக் கொட்டிலிலிருந்து வந்தார். நான் நினைத்ததைவிடக் குட்டையான மனிதர், ஒரு கண் கொஞ்சம் மங்கல். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், மாடு கறக்க ஆள் இல்லை. நான் யார் என்று சொன்னேன். இங்கே வராமலே வந்தேன் என்று கையெழுத்து வைத்ததைச் சொன்னேன். அவர் கத்துவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏன் வரேல்லை?"

"நீங்கள் போனிலை சொன்ன சொல்லாலை."

"என்ன சொன்னனான்?"

ஒரு சொல் விடாமல் சொன்னேன். மூன்று மாதமாக மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்தது, பிசகவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். வேண்டுமென்று நடிக்கவில்லை, உண்மையாகவே தேடினார்.

"ஞாபகம் இல்லை," என்றார். "அண்டைக்கு ஒரு பசு கண்டு போட ஏலாமல் கிடந்தது. எல்லாரோடையும் கத்தினனான்."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. வீட்டுக்குள் போய் ஒரு இலக்கப் பலகையைக் கொண்டுவந்தார். கொம்யூன் அனுப்பின பலகை, பொலித்தீன் உறை பிரிக்காமல் சமையலறை லாச்சிக்குள் கிடந்திருக்கிறது. அவரும் மாட்டாமல் வைத்திருந்தார். இரண்டு ரோசக்காரர்களுக்கு நடுவில் ஒரு பெண் விழுந்து கிடந்திருக்கிறார். எங்கே அடிக்க வேண்டும் என்று கேட்டார். சங்கிலித் தூணைக் காட்டினேன். நான் பலகையைப் பிடிக்க அவர் ஆணி அடித்தார்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. வேலை போகவில்லை. தோர்பனுக்கும் எச்சரிக்கைதான். புள்ளியைக் கிழக்குப் பாதைக்கு மாற்றினேன். என் கையால் சரி போட்ட எல்லா வீடுகளுக்கும் அந்த வருடம் மறுபடி போனேன். வேறொன்றும் பொய்யில்லை. அது ஒன்றுதான், ஒன்றே போதுமானதாக இருந்தது.

அன்னா வீட்டுக்குத் திரும்பியபோது அவர் மலரின் பட்டியலில் வந்தார். ஒவ்வொரு பெப்ரவரியும் நான் மலரோடு அங்கே போவேன். அவள் அன்னாவுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவாள், நான் கிறெஸ்டனோடு இருந்து கோப்பி குடிப்பேன். பேச்சு அதிகம் இல்லை. மழை, பால், யார் தோட்டத்தை விற்றார்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அன்னா கனகாலம் ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு ஒன்று இரண்டாக வந்தன. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் வைப்பார்.

சோஃபி ரெலிபோன் எடுத்த மறுநாள் நான் அங்கே போனேன். பெப்ரவரி இல்லை, ஒரு காரணமும் இல்லாமல் வந்திருக்கிறேன் என்று கிறெஸ்டன் ஆச்சரியப்பட்டார். மாடுகளை விற்றுவிட்டார், இப்போது அவர்கள் இரண்டு பேர்தான். மேசையில் மூன்று பேரும் இருந்தோம். புதிய முறைமையைப் பற்றிச் சொன்னேன். அந்தக் குறிப்பை அழிக்கலாமா என்று கேட்கிறார்கள் என்றேன்.

கிறெஸ்டன் யோசிக்கவே இல்லை.

"அழிக்கச் சொல்லு. அது இப்ப பொய். நீ வருசா வருசம் வாறாய்."

எத்தனை வருடமாக யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று இருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நை," என்றார் அன்னா.

டெனிஷில் இல்லை என்பதற்கு அதுதான் சொல். தெளிவாக வந்தது. வலது கை மடியில் கிடந்தது, இடது கையை மேசையில் ஊன்றியிருந்தார். அடுத்த சொல்லுக்கு நேரம் எடுத்தது.

"அண்டைக்கு," என்றார். பிறகு, "வரேல்லை."

கிறெஸ்டன் யன்னலால் வெளியே பார்த்தார். அன்னாவின் முகத்தில் கோபம் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார், அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து, இடது கையால் கேக் தட்டை என் பக்கம் தள்ளினார். ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன்.

வெளியே வந்து சங்கிலித் தூணடியில் நின்று சோஃபிக்கு ரெலிபோன் எடுத்தேன். அழிக்க வேண்டாம் என்றேன். புதிய முறைமையில் அதற்கு இடமில்லையே என்று மறுபடி சொன்னாள். அப்படியென்றால் கடதாசியில் எழுதிக் கோப்புக்குள் வை என்றேன். அழிக்கக் கூடாது என்று யார் சொன்னதாக எழுத என்று கேட்டாள்.

அன்னா என்று எழுதச் சொன்னேன்.